பின்னிய பெட்டியா, பிளைவுட் பெட்டியா?

சவப்பெட்டியை யாரும் நிதானமாக வாங்குவதில்லை. ராமநாதபுரம் கரையில், தங்கச்சிமடத்திலோ மூக்கையூரிலோ விடியற்காலையில் ஒருவர் கண்ணை மூடினால், வீட்டார் ஃப்ரீசர் பெட்டிக்கும் பந்தலுக்கும் சொல்லிவிட்டு, சாமியாரிடம் பூசை நேரம் கேட்டுவிட்டு, ஒரு மாமாவையோ மச்சானையோ பெட்டி வாங்க அனுப்புவார்கள். கடையில் இருப்பதில் எது கொஞ்சம் பார்க்க நன்றாக இருக்கிறதோ, அதை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். துக்க காரியத்துக்குப் பேரம் பேசக்கூடாது என்பதால் சொன்ன விலைதான். அந்த அவசரம் இல்லாத ஒரு நாளில் இதைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்குக் கோயிலின் கீழ் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் குழுவில், இப்போது அந்தப் பேச்சுதான். சாவு நிதியிலிருந்து ஒன்றிரண்டு பெட்டி முன்கூட்டியே வாங்கிக் கோயில் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எந்தப் பெட்டி என்பதில்தான் சிக்கல். அதைக் கிளப்பிவிட்டது இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் அக்கா. கூட வேலை பார்த்தவரின் அடக்கத்துக்குப் போனவள், அங்கே வில்லோக் குச்சியால் பின்னிய பெட்டியைப் பார்த்திருக்கிறாள். போட்டோ அனுப்பி, "அம்மா காலத்துக்கு இப்படி ஒன்னு இங்கருந்து அனுப்பி வைக்கட்டுமாடா?" என்று கேட்டாள். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "கடகம் மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றாள். எண்பது வயதில் இப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிற வீட்டில்தான் இதை நிம்மதியாக யோசிக்க முடியும்.

வில்லோ என்றதும் நமக்கு கிரிக்கெட் மட்டை ஞாபகம் வரும். பெட்டிக்கு ஆவது அந்தப் பெரிய மரம் இல்லை. அதே இனத்தில் புதராக வளரும் வகைகள். இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் லெவல்ஸ் என்று வெள்ளம் வந்து தேங்குகிற தாழ்ந்த ஈரநிலம் இருக்கிறது. அங்கே வில்லோவைப் பயிராகவே போடுகிறார்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் அடியோடு அறுத்தால் அடுத்த வருடம் அதே கட்டையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் மறுபடி குச்சி வரும். ஒரு முறை நட்டால் இருபது, முப்பது வருடம் அறுக்கலாம். பட்டையோடு காயவைத்தால் பழுப்பு. பட்டையோடு மணிக்கணக்கில் வேகவைத்து உரித்தால் பட்டையின் சாயம் உள்ளே இறங்கிச் செம்மஞ்சள். தண்ணீரில் நிறுத்தி, வசந்தத்தில் துளிர்விடும்போது உரித்தால் வெள்ளை. காய்ந்த குச்சியை மறுபடி ஊறவைத்தால்தான் வளையும். ஒரு பெட்டி பின்ன, கை பழகியவருக்கே ஒன்றிரண்டு நாள் போய்விடும்.

அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடும் நம் பாடுதான். இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் கட்டி விமானத்திலிருந்து சாமான் இறக்கிய கூடைகள்கூட வில்லோப் பின்னல். போர் முடிந்து பிளாஸ்டிக் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. பிற்பாடு அதற்குக் கொஞ்சம் உயிர் கொடுத்ததில் சவப்பெட்டிக்கும் பங்கு உண்டு. 1993ல் கார்லைல் நகரக் கல்லறையில் பிரிட்டனின் முதல் இயற்கை அடக்கத் தோட்டம் வந்தது: குழிக்கு மேல் கல் கிடையாது, மரம் நடுவார்கள். அந்த வழி பரவப் பரவ, மண்ணில் கரைகிற பெட்டியைத் தேடுகிறவர்களும் கூடினார்கள்.

யோசனை இன்னும் பழையது. ஃபிரான்சிஸ் சீமோர் ஹேடன் என்று லண்டனில் ஒரு அறுவை மருத்துவர் இருந்தார். 1875ல் அவர் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். கெட்டிப் பலகையிலும் ஈயத்திலும் பிணத்தை அடைத்து வைப்பதால்தான் கேடு வருகிறது, மண்ணோடு நேராகச் சேரவிட்டால் மண் தன் வேலையைத் தானே முடித்துவிடும் என்பது அவர் வாதம். அதற்காகப் பின்னல் பெட்டிகளைச் செய்யச் சொல்லி, அந்த வருடம் ஜூனில் ஸ்டாஃபோர்டு ஹவுஸ் தோட்டத்தில் கண்காட்சியும் வைத்தார்கள். பின்னிய பெட்டியின் மதிப்பு அழகில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது என்பதை நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். காற்றும் ஈரமும் மண்ணில் இருக்கிற சிற்றுயிர்களும் முதல் நாளிலிருந்தே உள்ளே போய்வருகின்றன.

சரி, விலை. அங்கே வில்லோப் பெட்டி பெரும்பாலும் 500 பவுண்டுக்கு மேல். இயந்திரத்தில் அறுத்து ஒட்டிய சாதாரணப் பெட்டி அதைவிட நன்றாகவே மலிவு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூடை பின்ன இயந்திரம் கிடையாது. போலந்தில் பின்னியதும் சீனாவில் பின்னிக் கப்பலில் வந்ததும் கையால் பின்னியதுதான். அதனால் 'கைவேலை' என்ற சீட்டை மட்டும் பார்த்து வாங்கினால் பாதி விவரம்தான் தெரியும். எந்த ஊர்க் குச்சி, யார் பின்னினார், அவருக்கு என்ன கூலி என்று கேட்டால்தான் மீதி தெரியும். அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன். அவள் அங்கேயே இருந்து யாருக்காவது வாங்கினால் சாமர்செட் வில்லோவைத் தாராளமாக வாங்கட்டும்; அந்தக் காசுக்கு அது தகும். இங்கே ஒரு காலிப் பெட்டியை எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சரக்கில் ஏற்றி அனுப்பினால், மண்ணுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே மண்ணுக்கு ஆகாததைச் செய்தவர்கள் ஆவோம். காஷ்மீரிலும் வில்லோப் பின்னல் உண்டு. குளிருக்குச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரித் தணல்சட்டிக்குக் கூடு பின்னுவது அதில்தான். அதுவும் நமக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

இனி நம் கடைப் பெட்டி.

வெளியில் பார்த்தால் தேக்கு மாதிரித் தெரியும். உள்ளே பிளைவுட், இல்லாவிட்டால் மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. மேலே சன்மைக்கா அல்லது மர வரி அச்சடித்த தாள். உள்ளே பளபளக்கிற பாலியெஸ்டர் துணி, நுரைப் பஞ்சு, சுற்றி ஜரிகை லேஸ். பித்தளைப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் பிடி, மூடியில் பிளாஸ்டிக் சிலுவை. சில ஆயிரத்தில் தொடங்கி, அலங்காரம் ஏற ஏறப் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது.

இதில் நல்லதும் உண்டு, மறைக்கக் கூடாது. கேட்ட நேரத்தில் கிடைக்கும். அளவு பிசகாது. மழைக்காலத்தில் கொட்டகையில் மாசக்கணக்கில் கிடந்தாலும் பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடல் வெளிக்காற்று பட்டதும் நீர்விடும். வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து கல்லறை என்று போகிற அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் பலகைப் பெட்டியிலிருந்து சொட்டு கீழே விழாது. தூக்குகிற பிள்ளைகளுக்கும் பதற்றம் இல்லை.

கெடுதல் கண்ணுக்குத் தெரிய வருடங்கள் ஆகும். நம் கரையோரக் கல்லறைத் தோட்டங்கள் சின்னவை. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கடல். குடும்பக் குழி என்றால் அதே குழியை மறுபடி திறக்கிறோம். கல்லறைத் திருநாளுக்கு முன்பு சுத்தம் செய்யப் போயிருந்தபோது, குழி வெட்டுகிற அண்ணன் ஒரு பக்கமாகக் குவித்து வைத்திருந்ததைக் காட்டினார். பலகை உப்பிப் பிய்ந்து பிரிந்து கிடந்தது. சன்மைக்கா மட்டும் தகடு தகடாக, நேற்று ஒட்டியது போல வரி மாறாமல் இருந்தது. லேஸ் துணி மணல் ஏறிக் கனத்துப்போய், இழுத்தால் அறாமல் நீண்டு வந்தது. நாலு பிடியும் முழுசாக இருந்தன. "எலும்பைப் பத்திரமா எடுத்து வச்சிருவேன் தம்பி. இதை எங்கனப் போடுறதுன்னுதான் தெரியல" என்றார். அந்த மணலில் கை அளவு ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிற இடங்கள் இந்த ராமேஸ்வரம் தீவில் உண்டு. தனுஷ்கோடிப் பக்கம் பெண்கள் ஊற்றுத் தோண்டித்தான் குடம் நிறைக்கிறார்கள். அந்த மண்ணுக்குள் சன்மைக்காவும் நுரையும் போகவே வேண்டியதில்லை.

அந்தப் பலகைகளை ஒட்டும் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. ஒரு பெட்டியால் கல்லறையே விஷமாகிவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அந்தப் பலகையை நாள்பூராவும் அறுத்து இழைத்துத் தூசியைச் சுவாசிக்கிற தொழிலாளியை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது: உள்ளூர் ஆசாரியிடம் சொல்லி, பூவரசு, வேம்பு, மா என்று கிடைக்கிற நாட்டுப் பலகையில் ஆணி அடித்து வாங்குவது. சன்மைக்கா இல்லை, பாலிஷ் இல்லை, கயிற்றுப் பிடி. இது கௌரவமான பெட்டி. அடுத்துச் சொல்லப்போகிற பனை ஓலைப் பெட்டி கைகூடாவிட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கனம் மட்டும் அதிகம், பலகை காய்ந்திருக்க வேண்டும், ஆசாரிக்கு நேரமும் இருக்க வேண்டும்.

இனி பனை. இதை மனசில் வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வில்லோ சாமர்செட்டுக்கு எப்படியோ, பனை ராமநாதபுரத்துக்கு அப்படி. சாயல்குடியிலிருந்து மண்டபம் வரை செம்மணல் தேரியிலும் கரையிலும் நிற்கிறது. மரத்தை வெட்ட வேண்டாம். பதனீர் இறக்குவதற்கு முன்பு மரத்தைச் சுத்தம் செய்யும்போது கழிக்கிற ஓலையும் மட்டையும் போதும். பின்னத் தெரிந்த கைகளும் இங்கே இருக்கின்றன. கீழக்கரைப் பெண்களின் ஓலைக் கொட்டானைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவில் மீன் கூடு போடுகிறவர்கள், கம்பியும் நைலானும் வருவதற்கு முன்பு குச்சியையும் நாரையும் வைத்துத்தான் அதைக் கட்டினார்கள்.

சாயல்குடிப் பக்கம் ஓலைப்பெட்டி முடைகிற ஒரு அக்காவிடம் போய், ஆறடிக்கு ஒன்று முடைய முடியுமா, என்ன காரியத்துக்கு என்று மறைக்காமல் சொல்லிக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். "நீளம் ஒரு பிரச்சினையே இல்ல தம்பி. கனந்தான். வெறும் ஓலையில முடைஞ்சா தூக்கும்போது நடுவுல தொங்கிரும். சுத்தி மூங்கில் சட்டம் போடணும். அடியில நார்க்கட்டில் பின்னுற மாதிரி மட்டை நாரு. பக்கத்துக்குச் சாரோலை ரெட்டை. குருத்தோலை மேல மூடிக்கு மட்டும், பார்வைக்கு." ரெண்டு பேர் உட்கார்ந்தால் மூன்று நாள் ஆகும் என்றார்.

சொன்னபடியே ஒன்று செய்து வாங்கினோம். ஓலையை ஈர்க்குக் கிழித்து, ஒரே அகலத்துக்கு வகிர்ந்து, ராத்திரி பனியில் பதப்படுத்தியிருந்தார். முதல் நாள் முழுக்க அடிப்பின்னல்தான். மட்டை நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு இழையையும் காலால் மிதித்து இழுத்து இறுக்கினார். காயும்போது நார் இன்னும் முறுகிக்கொண்டது, விரலால் தட்டினால் மேளத் தோல் போல ஓசை வந்தது. விளிம்புக்கு அகணி நாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். முடிந்ததும் மணல் மூட்டைகளை ஏற்றி ஆறு பேர் தூக்கிக் கோயில் வளாகத்தைச் சுற்றி வந்தார்கள். அடி இறங்கவில்லை. பிடியைச் சட்டத்தில் கட்டியிருந்த இடத்தில்தான் முறுமுறு என்று சத்தம் வந்தது. பிடிக் கயிற்றைச் சட்டத்தோடு நிறுத்தாமல், பெட்டியின் அடியைச் சுற்றி மறுபக்கப் பிடி வரை ஒரே கயிறாக ஓடவிடச் சொன்னோம். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. தூக்கியவர்களில் ஒருவர், பலகைப் பெட்டியில் பாதிக் கனம்கூட இல்லை, தோள்பட்டை தப்பித்தது என்றார்.

ஃப்ரீசர் சொட்டுக்கு வழி என்ன? அடியில் கரித்தூளும் உமியும் கலந்து தைத்த பருத்தி மெத்தை. சீமைக்கருவேலங்கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. மேலே பழைய வேட்டியோ காடாத் துணியோ. உடலை எடுத்ததும் துணியால் நன்றாக ஒற்றிவிட்டுக் கிடத்த வேண்டும். அவ்வளவு போதும் என்று நினைக்கிறேன், ஆனால் ஐப்பசி மழையில் ஊர்வலம் போனால் மேலே ஒரு ஜமுக்காளம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

வைத்துக் காப்பதில் பனைப் பெட்டி பின்தங்கித்தான் இருக்கிறது. எலி, கரையான், கார்த்திகை ஈரம் எல்லாமே அதற்கு எதிரி. தரையில் வைக்காமல் கூரைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, மாசத்துக்கு ஒரு தடவை இறக்கி வெயில் காட்ட யாராவது பொறுப்பு எடுக்க வேண்டும். அந்தப் பொறுப்புக்கு ஆள் இல்லாத ஊர், பனையைத் தொடாமல் ஆசாரியிடம் போவது நல்லது.

செலவு? கூலியை ஒழுங்காகக் கொடுத்தால் நடுத்தரக் கடைப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஓலைதானே, சல்லிசாகக் கிடைக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே குறைத்தால் குறைவது அந்த இரண்டு பெண்களின் கூலிதான். நான் பனைக்குப் பேசுவதற்குப் பெரிய காரணமே பணம் போய்ச் சேரும் இடம். கடைப் பெட்டியின் விலையில் பலகை ஆலைக்கும் லாரிக்கும் லேஸ் வியாபாரிக்கும் பங்கு போகிறது. இதில் முக்கால்வாசி நம் பக்கத்து ஊர் அடுப்புக்குப் போகிறது.

பணத்தைவிடப் பெரிய தடை வேறு. கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "ஓலையில சுருட்டிப் புதைக்கிறது வக்கத்த காலத்துல. எங்க அய்யாவை அப்படித்தான் புதைச்சோம். எம் பிள்ளைங்க என்னையும் அப்படிப் புதைக்கணுமா?" என்று கேட்டார். யாருக்கும் வாய் எழவில்லை. அவர் சொன்னது நிஜம். பாயில் சுற்றிப் புதைத்த தலைமுறைக்கு, பிள்ளைகள் கப்பலிலும் கல்ஃபிலும் உழைத்து வாங்கித் தருகிற வெல்வெட் பெட்டி, பட்ட அவமானத்துக்கு ஒரு பதில். அதை நாகரிக மோகம் என்று தள்ளிவிட முடியாது. அவர் கேட்டால் அவருக்கு வெல்வெட் பெட்டிதான் வாங்க வேண்டும். இதில் கட்டாயம் கூடவே கூடாது.

ஆனால் மற்றவர்களிடம் ஒன்று கேட்கலாம். குருத்தோலை ஞாயிறில் நாம் ஓலையைச் சிலுவையாகப் பின்னிக் கையில் ஏந்திப் பவனி போகிறோம். அதே ஓலையை எரித்த சாம்பலைத்தான் அடுத்த வருடம் சாம்பல் புதனில் நெற்றியில் பூசி, மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்கிறார் சாமியார். அந்த ஓலை கடைசி நாளில் மட்டும் எப்படிக் கேவலமாகும்? அக்கம்பக்கத்தைப் பார்த்தாலும் தெரியும். இந்துக்கள் பச்சைத் தென்னங்கீற்றைப் பின்னிப் பாடை கட்டுகிறார்கள். முஸ்லிம்கள் பள்ளிவாசல் சந்தூக்கில் சுமந்து போய், கஃபன் துணியோடு மட்டும் மண்ணில் வைத்துவிட்டுச் சந்தூக்கைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். எங்கள் தாத்தா காலத்துத் தூம்பாவும் அப்படித்தான், கோயிலின் பொதுப் பெட்டி. ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். வழவழப் பெட்டியோடு புதைப்பது நம் பரம்பரை வழக்கம் இல்லை. திருச்சபையின் தலைமையும் எளிமைப் பக்கம்தான் போகிறது. மறைந்த திருத்தந்தையரை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டியில் வைக்கும் வழக்கத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024ல் நீக்கினார். 2025 ஏப்ரலில் அவரைத் துத்தநாகத் தகடு பதித்த ஒரே ஒரு மரப்பெட்டியில்தான் அடக்கம் செய்தார்கள்.

பின்னல் பெட்டி ஒத்துவராத சாவுகளும் நம் கரையில் உண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாமல், சில நாள் கழித்துக் கரை ஒதுங்குகிற உடலுக்கு இது ஆகாது. பிரேதப் பரிசோதனை முடிந்து வருகிற உடலுக்கும் பெரும்பாலும் ஆகாது. அந்த வீடுகளில் மூடியை இறுக்கி அடைக்கக்கூடிய பெட்டிதான் வேண்டும்; பார்க்கக் கூடாததைத் தாயின் கண்ணில் படாமல் மறைப்பதும் ஒரு பெட்டியின் வேலைதான். வளைகுடா நாடுகளிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ விமானத்தில் வருகிற உடல் பதப்படுத்தி, அடைத்த பெட்டியிலேயே வரும். அதைத் திறந்து மாற்ற வேண்டாம். அதனால் கொட்டகையில் ஒரு நல்ல பலகைப் பெட்டியும் இருக்கட்டும். ஆசாரி செய்ததாக, சன்மைக்காவும் நுரையும் இல்லாமல், உள்ளே தடித்த பிளாஸ்டிக் விரிப்பை மட்டும் தனியாக மடித்து வைத்து.

அம்மாவுக்குப் பனைதான் என்று அக்காவும் ஒத்துக்கொண்டாள். வில்லோ அனுப்பச் சேர்த்திருந்த பணத்தை அன்பியத்துக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். பனையில் பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, பலகைப் பெட்டி ஒன்று என்ற கணக்குக்குக் கூட்டம் வந்து நிற்கிறது. ஓலை கழிக்கிற காலம் மார்கழி, தை. அதற்குள் சாயல்குடி அக்காவுக்கு முன்பணம் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் நல்ல சாரோலை எல்லாம் கூரைக்கும் வேலிக்கும் போய்விடும் என்று அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார்.